நூல் தேடும் உத்தியோகம்

சென்னையில் 2023-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் தமிழ்நாடு சர்க்கார் முதன்முறையாக ஒரு சர்வதேசப் புத்தகக் காட்சியை நடத்தினார்கள். பிற தேசத்துப் பிரசுரகர்த்தர்கள் வந்தார்கள்; நம்மவரோடு மேஜைக்கு எதிரும் புதிருமாக உட்கார்ந்து பேசினார்கள். தமிழ் நூல்களை அந்நிய பாஷைகளில் பெயர்ப்பதற்கு மானியம் அளிக்கவும் சர்க்கார் முன்வந்தார்கள். இது மெச்சத்தக்க காரியம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வெகு தூரத்திலிருந்து வரும் ஒருவர் நம்மிடம் கேட்கக்கூடிய முதற் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "உங்களிடம் என்ன இருக்கிறது?" என்பார். அதற்குப் பதில் சொல்லத் தக்கவர் யார்? சென்னையில் உள்ள பிரசுரகர்த்தர் தம்முடைய அலமாரியில் இருப்பதைச் சொல்வார். அலமாரிக்கு இன்னும் வந்து சேராததை, அதாவது தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் நடுத்தர நகரங்களிலும் கையெழுத்துப் பிரதியாகவும், ஏட்டுச் சுவடியாகவும், முந்நூறு பிரதி அச்சிட்டுக் கட்டாகக் கட்டிப் பரண்மேல் போட்ட புத்தகமாகவும் கிடப்பதைச் சொல்வதற்கு ஆள் உண்டா? இல்லை என்பதே நமது பதில். அந்த ஆளைப் பற்றித்தான் இன்று எழுதப் புகுந்தோம்.

மேல்நாட்டுப் புத்தக வியாபாரத்தில் 'லிட்டரரி ஸ்கௌட்' என்று ஓர் உத்தியோகம் உண்டு. ஸ்கௌட் என்ற மாத்திரத்தில் நம்மவர்க்குக் காக்கி நிஜாரும் கழுத்தில் கைக்குட்டையுமாக நிற்கும் பள்ளிக்கூடப் பையனே ஞாபகத்துக்கு வருவான். (அவனைச் சாரணன் என்று தமிழாக்கியவர்கள் கெட்டிக்காரர்கள், ஓயாமல் சஞ்சரிப்பவன், வேவு பார்ப்பவன் என்ற இரண்டு பொருளும் அந்தச் சொல்லில் அடங்கியிருக்கின்றன.) புத்தக உலகத்துச் சாரணரும் அத்தகையவரே. நாம் அவரை நூல் தேடுவோர் என்று எளிய பெயரால் குறிப்போம். அவர் நியூயார்க்கிலோ லண்டனிலோ இருப்பார். ஜெர்மனியில் ஒரு பிரசுராலயம், இத்தாலியில் ஒன்று, பிரான்ஸில் ஒன்று என்று, ஒன்றுக்கொன்று போட்டியில்லாதபடி தேசத்துக்கு ஒன்றாக அமர்த்திக்கொண்டு, ஒவ்வொன்றினிடமும் மாதச் சம்பளம் வாங்குவார். சினிமாக் கம்பெனிகளும் இவ்விதம் அவரை வைத்துக்கொள்வதுண்டு. புதிய கையெழுத்துப் பிரதிகள் அச்சுக்குப் போகுமுன்பே அவற்றைக் கண்டறிந்து, இரவோடிரவாகப் படித்து, இன்ன நூல் இன்ன விஷயம் பற்றியது, நன்றாயிருக்கிறது அல்லது நன்றாயில்லை, உம்முடைய தேசத்தில் வாசகர் உண்டு அல்லது இல்லை என்று எழுதி அனுப்புவதே அவர் வேலை.

இங்கே ஒரு வித்தியாசத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஏஜண்டு என்பவர் ஆசிரியர் பக்கத்து ஆள்; நூலை விற்றுக் கொடுத்தால் அவருக்குக் கமிஷன் உண்டு; விற்காவிட்டால் கிடையாது. நூல் தேடுவோரோ எதையும் விற்பதில்லை. "இந்த நூல் வேண்டாம்" என்று அவர் சொன்னாலும் சம்பளத்தில் காலணா குறையாது. "வேண்டாம்" என்ற வார்த்தைக்கும் கூலி உண்டு என்றிருந்தால்தான் "வேண்டும்" என்ற வார்த்தையை ஜனங்கள் நம்ப முடியும். நம் நாட்டில் புத்தகத்தைப் புகழ்வோருக்குக் குறைவில்லை. முன்னுரைகளைப் படித்தால் உலகத்தில் மட்டமான புத்தகமே அச்சாகவில்லை என்று தோன்றும். புகழ்ச்சியை இனாமாகவே கொடுத்து வாங்கிப் பழகிய இடத்தில், பாரபட்சமின்றிப் படித்து நிதானமாக அபிப்பிராயம் சொல்பவருக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் உதிக்கவில்லை.

தேடும் தொழில் நமக்குப் புதிதா என்றால், அதுவும் இல்லை. மகாமகோபாத்தியாய சாமிநாதையர் கும்பகோணம் காலேஜில் உபாத்தியாயராக இருந்துகொண்டே ஊர் ஊராகச் சென்று ஏடு தேடிய வரலாற்றைத் தமிழர் யாவரும் அறிவர். சீவக சிந்தாமணி 1887-லும், பத்துப்பாட்டு 1889-லும், சிலப்பதிகாரம் 1892-லும், புறநானூறு 1894-லும் அவர் உழைப்பால் அச்சேறின. பத்துப்பாட்டு ஏட்டுக்காக அவர் தாமிரபரணிக் கரையில் ஆழ்வார்திருநகரி வரையில் போனார். அவ்வளவும் நாம் அறிந்ததே. ஆனால் அதற்கு முந்திய ஒரு சம்பவத்தின் தாத்பரியத்தை நம்மவர் போதிய அளவு உணர்ந்ததாகத் தெரியவில்லை. 1880-ம் வருஷத்தில் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், பண்டிதரைப் பார்த்து, "நீர் என்னென்ன படித்திருக்கிறீர்?" என்று விசாரித்தார். அந்தாதியும் பிள்ளைத்தமிழும் தலபுராணமுமாகப் பண்டிதர் அடுக்கிய ஜாபிதாவைக் கேட்டு அவர் அசையவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா, அதற்கு முந்திய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டு, பின்பு பிரதியும் கொடுத்துதவினார். முதலியார் பதிப்பாசிரியர் அல்லர், கவியும் அல்லர், கோர்ட்டு உத்தியோகஸ்தர். தேட வேண்டியது எது, அதைத் தேடத் தகுந்த மனிதர் எவர் என்ற இரண்டையும் கண்டு ஒன்றோடொன்று சேர்த்து வைத்தார். நூல் தேடுவோரின் வேலை முழுவதும் அந்த ஒரு சந்திப்பில் அடங்கியிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

அவருக்கும் முன்னே சம்பளத்துக்குத் தேடியவர்களும் இருந்தார்கள். இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரலாக 1815-ல் நியமிக்கப்பெற்று 1821-ல் காலமான கர்னல் மெக்கன்ஸி, காவலி வெங்கட பொர்ரையா, லக்ஷ்மையா என்ற தெலுங்குச் சகோதரர்களையும் வேறு பல உதவியாளரையும் வேலைக்கு அமர்த்தித் தென்னாட்டுக் கிராமங்களுக்கு அனுப்பினார். கைபீதுகளும், வம்சாவளிகளும், ஏடுகளும், கல்வெட்டுப் பிரதிகளும் குவிந்தன. இன்றைக்கும் அக்குவியலில் ஒரு பகுதி சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திலும், மற்றொரு பகுதி லண்டனிலும் இருக்கிறது. அந்நிய ராஜ்யத்தின் தேவைக்காகத் தேடினார்கள் என்பது மெய். ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கிராமத்துக்குப் போய்வருகிறவனுக்கு வழிச்செலவும் சம்பளமும் கொடுக்க வேண்டும் என்று அந்த அந்நியனுக்குத் தெரிந்திருந்தது. சுதேசிகளான நாமோ, சாமிநாதையர் தம் கைப்பொருளைச் செலவிட்டு அலைந்ததைத் தியாகம் என்று கொண்டாடி, அத்தியாகத்தையே ஒரு விதியாக்கிவிட்டோம். பாஷைக்குச் செய்யும் வேலைக்குக் கூலி கேட்பது கௌரவக் குறைவு என்ற எண்ணம் அதனால் வேரூன்றிப் போயிற்று.

கூலிக்கு ஆள் இல்லாத இடத்தில் அதிர்ஷ்டமே அந்த வேலையைச் செய்கிறது. ஆர். கே. நாராயணின் முதல் நாவலைப் பிரசுரகர்த்தர் பலர் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிரதியை ஒரு கல்லில் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடும்படி இங்கிலாந்திலிருந்த தம் நண்பர் பூர்ணாவுக்கு அவர் எழுதினார். நண்பர் நதிக்குப் போகாமல் கிரஹாம் கிரீனிடம் போனார். 'சுவாமியும் நண்பர்களும்' 1935-ல் லண்டனில் வெளிவந்தது. தாகூரின் கீதாஞ்சலி ஆங்கிலக் கையெழுத்துப் பிரதியை 1912-ல் ரோத்தன்ஸ்டைன் என்ற சித்திரக்காரர் கவி யேட்ஸிடம் சேர்ப்பித்தார். மறுவருஷம் நோபல் பரிசு வந்தது. பூர்ணா நதிக்கரைக்கே போயிருந்தால் மால்குடி என்ற ஊர் ஏது? ஒருவரைத் தூக்கிவிட ஒரு நண்பர் இருந்தார் என்பதை நாம் அறிகிறோம். நண்பர் இல்லாதவர்களின் பெயர்தான் நமக்குத் தெரிய வழியில்லை.

இனி, நாம் சொல்ல வந்ததை இரண்டு ஊர்களை வைத்துச் சொல்லுகிறோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், ஒன்றுக்கொன்று ஏழெட்டு மைல் தூரத்தில் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இருக்கின்றன. ஒன்று பஞ்சாலைகளின் ஊர். மற்றொன்று கோயில் ஊர். பஞ்சாலைக்காரர் ஒருபொழுதும் பஞ்சு தானாக வந்து சேரும் என்று காத்திருப்பதில்லை. பஞ்சைப் பார்த்து எடுப்பதற்கென்றே தேர்ந்த ஆட்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் சந்தைக்கும் ஜின்னிங் பாக்டரிக்கும் போய், ஒரு பிடிப் பஞ்சை விரலால் இழுத்து இழையின் நீளம் பார்த்து, கொள்ளலாம் தள்ளலாம் என்று சொல்லுகிறார்கள். அந்த ஆளுக்குக் கொடுக்கும் சம்பளத்தை எந்த மில் முதலாளியும் தருமச் செலவாக எழுதிவைப்பதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு என்ற பட்டயம் கிடைத்திருக்கிறது. பஞ்சுக்கு ஆள் வருகிறான். பால்கோவாவுக்குக் கூட்டமே வருகிறது. அந்த ஊர்களின் எழுத்துக்கு யார் வருகிறார்?

எழுத்து அங்கே உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்வோம். விஜயநகரத்துச் சக்கரவர்த்தி கிருஷ்ணதேவராயர் 1509 முதல் 1529 வரை ஆட்சி புரிந்தவர். அவர் கலிங்கத்தின்மேல் படையெடுத்துப் போகையில் கிருஷ்ணா நதிக்கரையிலுள்ள ஸ்ரீகாகுளத்தில் தங்கினார். அங்கே ஆந்திர விஷ்ணு கனவில் தோன்றித் தெலுங்கிலே ஒரு காவியம் செய்யும்படி பணித்ததாக அவரே சொல்லுகிறார். அவர் செய்த காவியம் ஆமுக்தமால்யதா. சூடிக்கொடுத்தவள் என்று அதற்குப் பொருள். ஆறு ஆசுவாசங்களைக் கொண்ட அந்த நூலின் கதை ஆரம்பமாகும் இடம் வேறெங்கும் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூர்தான். வயல்வெளிக் கால்வாயில் அலகைச் சிறகுக்குள் செருகி உறங்கும் வாத்துக்களை, ஸ்நானம் செய்தவர்கள் மறந்துவிட்டுப் போன துணிச்சுருள்கள் என்று காவற்காரர் நினைத்து எடுக்க இறங்குவதும், வாத்துக்கள் விழித்து ஓடுவதும், நெல் காக்கும் பெண்கள் அதைக் கண்டு சிரிப்பதும் அதில் வருகின்றன. பெரியாழ்வார் வருகிறார், ஆண்டாள் வருகிறாள், ஆளவந்தார் வருகிறார், திருக்குறுங்குடிப் பாடகனான நம்பாடுவான் மாலதாஸரி என்ற பெயரில் வருகிறான். நம்முடைய ஊர், நம்முடைய பாசுரக்காரர்கள், நம்முடைய வாத்துக்கள். இருப்பது மட்டும் வேறொரு பாஷையில்.

அந்தப் பாஷையை வீட்டில் பேசும் ஜனங்கள் ஏழெட்டு மைலுக்கு அப்பால் ராஜபாளையத்தில் பல தலைமுறைகளாக வசிக்கிறார்கள். விஜயநகர காலத்தையொட்டித் தெற்கே வந்து குடியேறிய ராஜுக்கள் அவர்கள். ஒருபுறம் தெலுங்குக் காவியம். மறுபுறம் அது பாடும் ஊர். நடுவில் இரண்டு பாஷையும் அறிந்த ஜனங்கள். இவ்வளவு பொருத்தம் உலகத்தில் வேறெங்கே கிடைக்கும்? இந்தப் பொருத்தத்தைக் கண்டு அதை ஒரு காரியமாக்கியவர் அவ்வூரிலேயே பிறந்த மு. கு. ஜகந்நாத ராஜா. 1933-ல் பிறந்து 2008-ல் மறைந்த அப்பெரியார், ஆமுக்தமால்யதாவைத் தமிழாக்கினார். 1989-ல் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு அதற்குக் கிடைத்தது. அவர் அதனோடு நிற்கவில்லை. பிராகிருதத்திலே சாதவாகன மன்னன் ஹாலன் தொகுத்த காதா சப்தசதி என்னும் எழுநூறு காதற்பாக்கள், நம்முடைய அகப்பாட்டுக்களுக்கு அக்காள் தங்கை போன்றவை என்று கண்டு, அதையும் தமிழில் கொண்டுவந்தார். வஜ்ஜாலக்கம் என்ற மற்றொரு பிராகிருதத் தொகுதியையும் விடவில்லை. தமிழிலிருந்து தெலுங்குக்கும் திருக்குறள் முதலியவற்றைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

ஜகந்நாத ராஜா சிறந்த மொழிபெயர்ப்பாளர் என்று எல்லோரும் சொல்லுகிறார்கள். அது பாதி உண்மை. பிராகிருதத்தில் இன்ன நூல் இருக்கிறது, அது தமிழனுக்கு உறவு, இதைக் கொண்டுவந்தால் அவன் தன்னுடையதென்று கண்டுகொள்வான் என்று முதலில் அறிந்தாரே, அது மொழிபெயர்ப்புக்கு முந்திய வேலை. சர்வகலாசாலைப் பேராசிரியர்களும் சென்னைப் பிரசுராலயங்களும் அவரிடம் போய், "இதை எங்களுக்குத் தேடித் தாரும்" என்று வேண்டி, மாதந்தோறும் ஊதியம் அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. தேடுவதும், தேர்வதும், பெயர்ப்பதும் ஒருவர் தலையிலேயே விழுந்தால், அவர் எத்தனை வருஷம் ஜீவித்தாலும் பத்திருபது நூல்களுக்குமேல் செய்ய முடியாது. அந்த ஊரிலே வீட்டில் தெலுங்கு பேசுவோரில் எத்தனை பேருக்குத் தெலுங்கு எழுத்து வாசிக்கத் தெரியும்? பேச்சு இருக்கிறது, எழுத்து நழுவுகிறது. இன்னும் இரண்டு தலைமுறை போனால் இப்போதுள்ள வசதியும் இராது. அவசரம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலோ வேறுவிதமான செல்வம். அரையர் சேவை என்னும் கலை இன்று ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய சில தலங்களிலேதான் உயிரோடிருக்கிறது. பாசுரத்தைப் பாடி, அபிநயித்து, வாழையடி வாழையாக வந்த வியாக்கியானத்தையும் சொல்லுகிறார்கள். ஒரு குடும்பத்தாரின் ஞாபகத்திலும் ஏட்டிலும் தங்கியிருக்கும் விஷயத்தை அடுத்த ஊர்க்காரன் அறிவதற்குள் அந்தக் குடும்பத்துப் பிள்ளை பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுகிறான். அவனைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. அதே ஊரில் 1875-ம் வருஷம் ஏற்பட்ட பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. நூற்றைம்பது வருஷங்களாக ஒரு நடுத்தர ஊரில் ஒரு வாசகசாலை நிலைத்திருக்கிறதென்றால், அங்கே வாசகர் பரம்பரையும் நிலைத்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ராஜபாளையத்திலும் அவ்விதமே. 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் பிரதம மந்திரியாகவும் முதல் மந்திரியாகவும் இருந்த பூ. ச. குமாரசாமி ராஜா, தாம் வசித்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குத் தானமாகக் கொடுத்தார். குழந்தைகளுக்கு மலையையும் காட்டையும் கதையாகச் சொல்லும் கொ. மா. கோதண்டம் அவ்வூர்க்காரரே, அவருக்கு 2012-ல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்தியப் பரிசு கிடைத்தது. சற்றுக் கிழக்கே போனால் கோவில்பட்டிக் கரிசல் பூமி, இடைசெவல் கி. ராஜநாராயணன், 2021-ல் மறையும் வரை, அந்த மண்ணின் பேச்சையும் கதையையும் தேடிச் சேர்த்துக்கொண்டே இருந்தார். தெலுங்கு பேசும் ஜனங்கள் தெற்கே வந்து குடியேறிய கதையை 1976-ல் 'கோபல்ல கிராமம்' என்ற நாவலாக எழுதியவரும் அவரே. அவரையும் அவர் போன்றோரையும் சிவகங்கையில் இருந்துகொண்டே அழகாக அச்சிட்டவர் கவிஞர் மீரா. 'அன்னம்' பதிப்பகத்தைப் பட்டணத்துக்குக் கொண்டுபோகாமல், காலேஜ் உபாத்தியாயராக இருந்துகொண்டு, எழுதுபவன் எங்கே இருக்கிறான் என்று அவரே பார்த்தார். 2002-ல் அவர் காலமானார். அவருக்குப் பின் அந்த இடம் நிரம்பியதா என்பதை அந்தப் பிரதேசத்து எழுத்தாளர்களே சொல்லட்டும்.

இப்போது நடைமுறையில் சிற்றூர் எழுத்தாளனின் கதி என்ன? அவன் கையெழுத்துப் பிரதியைச் சென்னைக்கு அனுப்புகிறான். பதில் வருவதில்லை. ஆறு மாதம் பொறுத்து எழுதுகிறான். அப்பொழுதும் பதில் வருவதில்லை. கடைசியில் "உமது செலவிலே அச்சிட்டுத் தருகிறோம்" என்று ஒருவர் வருகிறார். மனைவியின் நகையை வைத்துப் பணம் கொடுக்கிறான். புத்தகம் வருகிறது, பிழையோடு வருகிறது. கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு அதைக் கொடுத்து முடிக்கிறான். மிச்சம் பரணுக்குப் போகிறது. இதில் அவன் பணம் போனது ஒரு நஷ்டம். அதனிலும் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. உன் நூல் நன்றாயிருக்கிறது என்றோ, நன்றாயில்லை, இன்ன இடத்தைத் திருத்து என்றோ, ஒரு மனிதர்கூட அவனுக்குச் சொல்லவில்லை. பணம் வாங்கியவருக்கு அதைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. நல்ல நூலும் மட்டமான நூலும் ஒரே கட்டில் ஒரே விலைக்கு வருமானால், பத்து புத்தகம் வாங்கி ஏமாந்த வாசகன் பதினோராவதை ஏன் தொடப் போகிறான்?

ஆகவே நாம் கோரும் முதல் நிபந்தனை கண்டிப்பானது. நூல் தேடுவோர் ஆசிரியரிடமிருந்து ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. வாங்கினால் அவர் தரகர். அவர் பேச்சுக்கு மதிப்பில்லை. சம்பளம் பிரசுரகர்த்தரிடமிருந்தே வர வேண்டும். ஒரு பிரசுராலயத்தால் முழுச் சம்பளமும் கொடுக்க இயலாது என்று சொல்லுவார்கள், ஒப்புக்கொள்ளுகிறோம். தமிழ்ப் பிரசுரத்தார் பலர் பொது நூலகத் துறையின் கொள்முதலை எதிர்பார்த்தே ஜீவிக்கிறார்கள் என்பதும், அது தாமதமானால் அச்சகத்துக்குப் பாக்கி நிற்பதும் நமக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் மேல்நாட்டார் கண்ட வழி இங்கேயும் இருக்கிறது. சென்னையில் ஒரு தமிழ்ப் பிரசுராலயம், விஜயவாடாவிலோ ஹைதராபாத்திலோ ஒரு தெலுங்குப் பிரசுராலயம், கேரளத்தில் ஒன்று, டில்லியில் இங்கிலீஷில் வெளியிடும் ஒன்று என நான்கு பேர் சேர்ந்தால், ஒருவருக்கொருவர் போட்டியில்லை. ஆளுக்குக் கால் பங்கு சம்பளம். ஆமுக்தமால்யதாவின் சில பகுதிகளை ஸ்ரீநிவாஸ் ரெட்டி இங்கிலீஷில் பெயர்த்து, பெங்குவின் கம்பெனியார் 2010-ல் வெளியிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் வாத்துக்கள் டில்லி வரையில் போய்விட்டன. ஆகையால் டில்லிக்காரர்களுக்கு இந்தப் பிரதேசம் அந்நியம் என்று சொல்ல இடமில்லை.

இதற்கு ஆட்சேபணைகள் உண்டு. சம்பளம் கொடுப்பவன் சந்தையைப் பார்ப்பான். சந்தையைப் பார்த்தால் விலைபோவதையே தேடச் சொல்லுவான். ஜெர்மானியனுக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் பிடித்தமாதிரி நம்மவன் எழுதத் தொடங்குவான் என்கிறார்கள் சிலர். இந்தப் பயம் ஆதாரமற்றது என்று நாம் சொல்ல மாட்டோம். அந்நியன் நம் வறுமையையும் ஜாதிச் சண்டையையும் மட்டுமே படிக்க ஆசைப்பட்டால், தேடுகிறவர் அதை மட்டுமே தேடுவார் என்பது உண்மைதான். அதனால்தான் பிராங்க்பர்ட் சந்தைக்கு முன்னால் விஜயவாடாவை நினைக்கச் சொல்லுகிறோம். அடுத்த வீட்டுப் பாஷைக்காரன் நம்மை வேடிக்கைப் பொருளாகப் பார்க்க மாட்டான். அவன் வீட்டிலும் அதே வாத்து, அதே ஆண்டாள், அதே கடன். இன்னொரு ஆட்சேபணை, உள்ளூர்க்காரனையே வைத்தால் தன் ஜாதிக்காரனையும் தன் கட்சிக்காரனையும் சிபார்சு செய்வான் என்பது. செய்யத்தான் செய்வான், யாரும் பார்க்காவிட்டால். ஆகவே அவன் அறிக்கைகள் இரகசியமாக இருக்கக் கூடாது. நிராகரித்த நூலின் ஆசிரியருக்கும் காரணத்தோடு ஒரு கடிதம் போக வேண்டும். காரணம் எழுத வேண்டும் என்றாலே பாதிப் பாரபட்சம் ஓடிப்போகும்.

அவர் செய்ய வேண்டிய வேலை இன்னதென்று திட்டமாகவே சொல்லுவோம். வாரத்தில் இரண்டு நாள் பென்னிங்டன் நூலகத்திலும், இரண்டு நாள் ராஜபாளையத்திலும் உட்கார வேண்டும். இன்ன கிழமை இருப்பார் என்று ஊரார்க்குத் தெரிந்திருக்க வேண்டும். மிச்ச நாட்களில் தளவாய்புரம், சேத்தூர், வத்திராயிருப்பு என்று சுற்ற வேண்டும். படித்த ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் எழுத வேண்டும்: விஷயம் என்ன, நடை எப்படி, குறை எது, எந்தப் பாஷைக்கு ஏற்றது, உரிமை யாரிடம் இருக்கிறது. இந்தக் கடைசி விஷயம் சாதாரணமன்று. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 வருஷம் வரையில் உரிமை வாரிசுகளுடையது. தாத்தா எழுதியது என்ற ஞாபகம்கூட இல்லாத பேரன்மார் நான்கு ஊர்களில் சிதறியிருப்பார்கள். அவர்களைக் கண்டுபிடித்து ஒரு கையெழுத்து வாங்குவதற்குள் நூலைப் படித்ததைவிட அதிகக் காலம் ஆகிவிடும். சென்னையிலிருக்கும் பிரசுரகர்த்தரால் அது இந்த ஜன்மத்தில் ஆகாது. உள்ளூரில் காப்பிக்கடையில் உட்கார்ந்திருப்பவரால் ஒரு வாரத்தில் ஆகும்.

அப்படிப்பட்ட ஆள் கிடைப்பாரா? தாராளமாகக் கிடைப்பார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள், மில் கணக்குப்பிள்ளையாக இருந்துகொண்டு பிரெஞ்சு நாவல்களை மொழிபெயர்ப்பில் படித்துத் தீர்த்தவர்கள், தமிழும் தெலுங்கும் வாசிக்கத் தெரிந்த வீட்டுப் பெண்கள் இவ்விரண்டு ஊர்களிலும் இருக்க மாட்டார்கள் என்று எவரும் சொல்ல முடியாது. பெண்களை நாம் ஒரு காரணத்தோடுதான் குறிப்பிடுகிறோம். ஆண்டாளைப் பற்றி ஐந்நூறு வருஷமாக ஆண்களே எழுதி ஆண்களே தேர்ந்தெடுத்தாயிற்று. அவள் ஊரிலே அடுப்பங்கரைப் பரணில் இருக்கும் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுக்க வேண்டுமானால், கேட்கிறவர் பெண்ணாக இருந்தால்தான் அது வெளியே வரும்.

இதைப் படிக்கும் பொதுஜன ஊழியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஒவ்வொரு கட்சிக்கும் ஒவ்வொரு ஊரிலும் மன்றமும் வாசகசாலையும் இருக்கின்றன. பாஷையின் பெருமையைப் பற்றி மேடை போட்டுப் பேசாத மாதமில்லை. அந்த மேடைச் செலவில் ஒன்றைக் குறைத்தால், ஒரு நூல் தேடுவோருக்கு ஒரு மாத வழிச்செலவு ஆகும். தங்கள் ஊரில் எழுதுகிறவர் யார், அவரிடம் அச்சாகாதது என்ன இருக்கிறது என்று ஒரு ஜாபிதா தயாரித்து நோட்டில் எழுதி வைத்தாலே போதும். சம்பளத்தோடு ஆள் வரும் நாளில் அவருக்கு ஆறு மாத அலைச்சல் மிச்சமாகும்.

சென்னைப் பிரசுரகர்த்தர்களுக்கோ நாம் சொல்லவேண்டியது கொஞ்சமே. எழும்பூரில் இரவு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் பொழுது விடியும் சமயத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கலாம். அடுத்த பெரிய ஸ்டேஷன் ராஜபாளையம். முதல் தடவை தாங்களே வந்து, நாலு பேரைப் பார்த்து, அவர்களில் ஒருவரை மூன்று மாதத்துக்குப் பரீட்சார்த்தமாக வேலைக்கு அமர்த்திவிட்டுப் போகலாம்.